நாலு பல்புக்கு நலங்கு

போன வாரம் என் வீட்டு டி.வி. கண்ணை மூடியது. பார்க்க வந்த ரிப்பேர்காரர் பின்பக்கத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையை ஆட்டினார். "போர்டு போச்சும்மா. இந்த மாடலுக்குப் போர்டு இப்ப வர்றதில்ல. தேடிப் புடிச்சு வாங்கினா, அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டுப் புது டி.வி.யே எடுத்துடலாம்."

இதை நம் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் சொன்னது என் தப்பு. எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் சாமான் என்றால் சாமானாம், ஒரு பாகம் போனால் நாலணாவுக்கு மாற்றிவிடலாமாம். வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையில் நின்று, உயிரோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நமக்குப் பென்ஷன். ஞாபகத்துக்கு மட்டும் எந்தச் சான்றும் யாரும் கேட்பதில்லை. அதனால் அது இஷ்டத்துக்குப் பேசுகிறது. என் ஒன்பதாவது வயதில் ரேடியோவின் நாலு பல்புக்கு எங்கள் வீடு கொடுத்த விலையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பெரம்பலூரில் அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் திருச்சியில் ஒரு ரேடியோ வாங்கினார். ஊரில் கரண்ட் கிடையாது. ரேடியோ கார் பாட்டரியில் ஓடியது. பாட்டரியைப் பஸ் கம்பெனி ஷெட்டுக்குத் தூக்கிப் போய்ச் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் உண்டு என்பதும், அதை வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் புதுப்பிக்க வேண்டும் என்பதும் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். அப்பா லைசென்ஸ் புத்தகத்தைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்.

சாயங்காலம் குமிழைத் திருகினால் முதலில் பாட்டு வராது. உள்ளே வண்டு சிக்கியது போல ஒரு ரீங்காரம். பிறகு பின்பக்க அட்டையின் ஓட்டைகள் வழியாக வால்வு என்கிற நாலு பல்புகள் மெதுவாகச் சிவக்கும். அப்புறம் சூடான வார்னிஷ் வாசனை. எல்லோரும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்வார்கள். நானும் என் அத்தையும் பின்னால் உட்கார்வோம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. என் தலையை மடியில் போட்டுக்கொண்டு பேன் பார்த்தபடி பாட்டுக் கேட்பாள். அந்த நாலு வெளிச்சமும் அத்தையின் விரல்களும் எனக்கே எனக்கு என்று நினைத்திருந்தேன். பட்டா போடாத சொத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தைக்கு அரியலூரில் சம்பந்தம் அமைந்தது. மாமா ரயில்வே குட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தார், சாது. அவருடைய அம்மா, அதாவது சம்பந்தியம்மாள், சாது இல்லை. சீர்வரிசைப் பட்டியலில் கடைசியாக, ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பது போல, "அப்புறம் ஒரு ரேடியோ" என்றார். கப்பலில் ரேடியோ வருவதே நின்றிருந்த சமயம். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எங்கள் ரேடியோவுக்கே எண்ணெய் போட்டுத் துடைத்து, ஜரிகை போட்ட துணியைப் போர்த்தி, மாட்டு வண்டியில் ஏற்றினார். அத்தையும் ரேடியோவும் ஒரே முகூர்த்தத்தில் போனார்கள். எல்லோரும் அத்தைக்காக அழுதார்கள். நான் இரண்டுக்கும் சேர்த்து அழுததை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் புரட்டாசியில் நவராத்திரி லீவுக்கு அத்தை என்னைக் கேட்டு ஆள் அனுப்பினாள். அப்பா என்னைக் கொண்டுபோய் அரியலூரில் விட்டுவிட்டுத் திரும்பினார். அங்கேதான் அவளைப் பார்த்தேன். மாமாவின் அண்ணன் மகள். என் வயது, என் உயரம். ஆனால் தலையில் இரட்டைப் பின்னல், இரண்டிலும் சிவப்பு ரிப்பன். அத்தை பின்னிவிட்ட பின்னல் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அத்தை கடைசிச் சுற்றில் ரிப்பனை உள்ளே மடித்துச் சொருகுவாள். அது எனக்குத்தான் செய்வாள்.

எங்கள் ரேடியோ அவர்கள் கூடத்தில், ஒரு மேஜைமேல் இருந்தது. அதன் தலையில் லேஸ் துணி. அந்த லேஸ் துணியைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் குமிழில் கை வைத்தேன்.

"தொடாத! எங்க சித்தப்பா வைவாரு," என்றாள் அவள்.

"இது எங்க ரேடியோ."

"இப்ப எங்களுது."

"லைசென்சு எங்கப்பா பேர்ல இருக்கு. எங்க வூட்டு விலாசத்துல இருக்கு. போலீஸ் வந்தா ஒங்க சித்தப்பாவத்தான் புடிக்கும்."

அவள் ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொல்லிவிட்டாள். சட்டப்படி நான் சொன்னது சரி. சீரோடு ரேடியோ போனதே தவிர, விலாச மாற்றத்துக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பிற்பாடு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்புகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அன்றைய தேதியில் அந்த வீட்டில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதற்குக் கிடைத்த பலன், சம்பந்தியம்மாளின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்: "பெரம்பலூர்க் கச்சேரி இங்கயும் வந்துடுச்சா?"

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, நெல் அளக்கும் மரக்கால், மாமாவின் சைக்கிள், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்கள். ரேடியோவையும் வைத்தார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார்கள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் சம்பந்தியம்மாள் எடுத்தபோது நானும் அந்த ரிப்பன்காரியும் பக்கம் பக்கமாக நின்றோம். அத்தை என் தோளைத் தொட்டு, "இவ வெக்கட்டுமே அத்தே," என்றாள்.

"நம்ம வூட்டுப் பொண்ணு வெக்கட்டும்," என்று கிண்ணம் அவள் கைக்குப் போனது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ரேடியோவின் நெற்றியில் அச்சுப் போட்டது போல ஒரு பொட்டு வைத்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அழகான பொட்டு என்பதுதான் பொறுக்கவில்லை.

மதியம் சுண்டல் தாளிக்கப் பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் சாப்பிட்டுப் படுத்தார்கள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமான இடம். அட்டையைப் பிடித்திருந்த இரண்டு கொக்கிகளும் எனக்குத் தெரிந்தவை. வெளியே மரப்பெட்டிக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம், பாடுகிறது உள்ளே அல்லவா? ஒரு பல்பைப் பிடித்து மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தேன். பல் விழுவது போலக் கையோடு வந்தது. அடியில் எட்டுக் கால்கள்.

அத்தைக்கு நலங்கு வைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். முதலில் பாதத்தில் பூசவேண்டும், பிறகுதான் மேலே. முறை என்று ஒன்று இருக்கிறதே. எட்டுக் காலுக்கும் சந்தனத்தை வழித்துப் பூசினேன், குங்குமம் வைத்தேன். பிறகு கண்ணாடி உச்சியில் ஒரு பொட்டு. எந்த ஓட்டையில் எடுத்தேனோ அதே ஓட்டையில் திருப்பி அழுத்தினேன். இப்படி நாலுக்கும். வேலை சுத்தம். அட்டையை மாட்டிவிட்டு முன்னால் வந்து அவள் வைத்த பொட்டைப் பார்த்தேன். பரிதாபமாகத் தெரிந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மாமா ஒயரை மாட்டிக் குமிழைத் திருகினார். ரீங்காரம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் குமிழைத் திருகிப் பார்த்தார்கள். பின்பக்கம் கை வைக்க எல்லோருக்கும் பயம், ஷாக் அடிக்கும் என்று. "பல்பு போயிடுச்சு" என்று குட்ஸ் ஷெட்டில் யாரோ சொன்னார்களாம். சம்பந்தியம்மாள் தீர்ப்பை எழுதினார்: "ஓட்ட சாமானச் சீருன்னு தலையில கட்டிட்டாங்க. கொண்டுபோயி ரிப்பேர் பண்ணி எடுத்துக்கிட்டு வரட்டும். ரேடியோ பாடுனா எம் மவன் தலை தீபாவளிக்கு வருவான். பாடலன்னா பொண்ணும் ரேடியோவும் அங்கயே இருக்கட்டும்."

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மாமா எங்களைக் கரி பஸ்ஸில் கூட்டி வந்தார். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்று பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்கள். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். மாமா மட்டும் இறங்கவில்லை. பாட்டரியைக் காலடியில் வைத்து, ஜமுக்காளத்தில் சுற்றிய ரேடியோவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதை இறக்கி வைத்தார், காபி குடித்தார். "அம்மா சொல்லிட்டாங்க," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வந்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வராத வீடு ஊர் வாயில் எப்படி அரைபடும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் நான் சாப்பிட்டேன். அத்தை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தாள். காலையில் பின்னல், சாயங்காலம் பேன். இதிலும் ஒரு முள். பின்னும்போது அத்தை, "அவ தல அசையாம உக்காருவா," என்பாள். "அவ" யார் என்று கேட்கமாட்டேன். வேண்டுமென்றே தலையை ஆட்டுவேன்.

நான் அரியலூருக்குக் கொண்டுபோன பாவாடையைத் துவைக்கும்போது அம்மா கேட்டாள். "இதென்னடி இவ்வளவு குங்குமம்? சந்தனம் வேற அப்பிக் கெடக்கு."

"பூஜை," என்றேன்.

அப்பா செய்த முதல் காரியம், ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பல்புகளின்மேல் எழுதியிருந்த நம்பர்களைப் படித்து எழுதிக்கொண்டது. கச்சேரி சீல் வைத்த பொருளைப் பார்ப்பது போல, எதையும் தொடவில்லை. கண்ணாடி உச்சியில் நாலு பொட்டுகளைப் பார்த்ததும் கொஞ்சம் நெகிழ்ந்துபோனார். "என்ன இருந்தாலும் பக்தியான குடும்பம்," என்றார். அத்தை சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டரியோடு பஸ் ஷெட்டுக்குப் போனார். நானும் போனேன். ஷெட்டு மெக்கானிக் பாட்டரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பாட்டரியில ஒண்ணும் கொற இல்லீங்க. முனை சுத்தமா இருக்கணும். நடுவுல ஒரு நூல் அழுக்கு இருந்தாலும் கரண்டு தாண்டாது. ஒங்க ரேடியோவக் கொண்டாங்க சார், பல்புக்காலு எப்படி இருக்குன்னு பாத்துடறேன்."

"லாரி பாக்கற எடத்துல ரேடியோவா?" என்று அப்பா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எட்டு நான்கு முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு கால்களுக்கும் என் கையால் சந்தனம் பூசியிருந்தேன். காரணம் எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சொல்லியிருந்தால் செலவு ஒரு துண்டு உப்புத்தாள். ஆனால் சொன்னால் ரேடியோ பாடும். பாடினால் அத்தை போவாள். அந்தச் சிவப்பு ரிப்பனுக்கு என் அத்தையை நானே பார்சல் கட்டி அனுப்பியதாக ஆகும். வாயை மூடிக்கொண்டேன். சர்க்கார் வேலையில் இதற்குக் கோப்பை நிலுவையில் வைப்பது என்று பெயர்.

அத்தை எல்லோரும் பார்க்க, செட்டிகுளம் முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள், ரேடியோ பாடவேண்டும் என்று. அது பாடக்கூடாது என்று அதே முருகனிடம் நானும் விண்ணப்பித்திருந்தேன். இரண்டு மனுவையும் வாங்கிக்கொண்டு அவர் பேசாமல் இருந்தார். நிர்வாகம் தெரிந்தவர்.

அப்பா திருச்சிக்குப் போய் வந்து அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினார். பழைய கடையில் ரிப்பேர் பார்த்தவர் பட்டாளத்துக்குப் போய்விட்டாராம். முதலாளி மட்டும் இருந்தார். பல்பு சரக்கு வருவதில்லை, பதுக்கி வைத்ததுதான், விலையைக் கேட்டால் தலை சுற்றியதாம். எது போனது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை, ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்க்க நாளும் இல்லை. "நாலையும் மாத்திடுங்க, நிம்மதி," என்றாராம். நாலும் சேர்ந்தால் ரேடியோ வாங்கிய விலைக்கு மேலே.

"மொத்த ரேடியோவே அந்த வெலைக்கு வரலீங்களே?" என்றாள் அம்மா.

"அது சண்டைக்கு முந்தி. இப்ப ரேடியோ வாங்கறோமா? மாப்பிள்ளைய வாங்கறோம்," என்றார் அப்பா.

மறுநாள் காலை கிணற்றடியில் அம்மா கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்க வளையல் இரண்டும் கல்யாணத்தில் போட்டவை. கை பெருத்துவிட்டதால் எலும்பில் மாட்டிக்கொண்டு வர மறுத்தன. தோல் சிவந்துபோனது. ஒன்று சட்டென்று கழன்று துவைக்கிற கல்லில் உருண்டது. அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. என் வாயில் வார்த்தை இருந்தது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "வாடி, தல பின்னணும்." போய்விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, புதுப் பல்புகள் நாலும் அட்டைப் பெட்டிகளில், வைக்கோல் பொதிக்குள் வந்து இறங்கின. தானே மாட்ட அப்பா துணியவில்லை. லாரி பார்க்கிறவரையே கூப்பிட்டு அனுப்பினார். மெக்கானிக் வந்தார், கைகளை வேட்டியில் துடைத்தார், பழைய பல்பு ஒன்றை இழுத்தார். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மேஜையில் உதிர்ந்தது.

அவர் அதை மூக்கருகில் வைத்து முகர்ந்தார். "என்ன சார் இது? பல்புக்கு நலங்கு வெச்சிருக்காங்க!"

நாலையும் எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். துவாரங்களைத் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். பழையவற்றையே திருப்பி அழுத்திவிட்டுக் குமிழைத் திருகினார். ரீங்காரம். பிறகு நாலும் சிவந்தன. நாதஸ்வரம் வந்தது, மங்கலமாக.

யாரும் அதைக் கேட்கவில்லை. அப்பா புதுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தது. "யாரு செஞ்சது?" என்றார். "சம்பந்தி வூட்டுக்கு இப்பவே ஒரு லெட்டர் எழுதறேன். சீரு சாமான நாசம் பண்ணிட்டு எம்மேல பழியப் போட்டாங்களா?"

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"நாந்தாண்ணே," என்றாள் அத்தை. "தெரியாம பூசிட்டேன். லெட்டரெல்லாம் வேணாம்."

அப்பா கையை ஓங்கவில்லை, அவ்வளவுதான் சொல்லமுடியும். "ஒனக்குன்னு எல்லாத்தயும் எடுத்துக் குடுத்தனே, அறிவு குடுக்க மறந்துட்டேன்," என்றார். மெக்கானிக் கூலி வாங்காமலே நழுவிவிட்டார். அம்மா கண்ணாடி வளையல்கள் சத்தமிட, எண்ணெய்ச் சட்டியைப் பார்க்க உள்ளே போனாள்.

அன்றே ஆள் போய்ச் சொல்ல, மாமா தலை தீபாவளிக்கு வந்தார், பட்டு வேட்டியோடு. புதுப் பல்புகள் நாலையும் தீபாவளிச் சீர்த் தட்டில் வைத்து, "ஸ்பேருக்கு இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் அப்பா, அவமானத்தைக்கூட மரியாதையாக மடித்துக் கொடுக்கத் தெரிந்தவர். ஆக, ரேடியோவும் அவர்களுக்கு, அத்தையும் அவர்களுக்கு, என் அம்மாவின் வளையலும் அவர்களுக்கு. அந்த ரிப்பன்காரிக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் எப்படி வந்து சேருகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கும் அனுப்பி வைத்தவளே நான்தான் என்பது அந்த எரிச்சலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கரி அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். மாமா ரேடியோவோடு ஏறிவிட்டார். அத்தை என்னைப் புகைக்கு இந்தப் பக்கம் இழுத்து, குனிந்தாள்.

"நீ பூசினத அன்னிக்கே பாத்துட்டேன்."

நான் கேட்டேன்: "அப்ப ஏன் அங்கயே சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே தொடச்சுப் போட்டிருப்பாங்க. பாடியிருக்கும். என்னை எதுக்கு இங்க அனுப்பறாங்க?" ரிப்பன் இல்லாத என் பின்னலை இழுத்துவிட்டாள். "பதினஞ்சு நாளு, எங்கம்மா வூட்டுல படுத்த மாதிரி படுத்தேன். ஒன்னப் பாத்தாலே எனக்கு எரியும்டி. நீ இங்கயே இருக்க. நெனச்சப்ப தண்ணி குடிக்கற, நெனச்சப்ப தூங்கற." பிறகு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி வளையல் போகும்னு மட்டும் எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

அதற்கப்புறம் அந்தப் புதுப் பல்புகள் பெட்டியிலேயே இருந்தன. பழையவை என் கையால் நலங்கு வாங்கியவை, லேசில் போகவில்லை. ஊருக்குக் கரண்ட் வந்து, வேறு மாதிரி ரேடியோ வந்த பிறகு, அந்த நாலும் யாருக்கும் வேண்டாததாயின. இந்த விஷயத்தை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அத்தையும் நானும், என்றுதான் பதினைந்து வருஷம் நினைத்திருந்தேன்.

நான் வேலைக்குப் போய், அரியரும் சேர்த்து ஒரு தொகை கைக்கு வந்ததும், முதல் வேலையாக இரண்டு தங்க வளையல் செய்தேன். என்ன காரணம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குப் போய் அம்மாவின் கையில் போட்டேன். இந்தத் தடவை சோப்பு தேவைப்படவில்லை, கை இளைத்திருந்தது. அம்மா கையை வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஒண்ணு சந்தனத்துக்கு. இன்னொண்ணு குங்குமத்துக்கா?"